கான்பூர் குப்பையிலிருந்து வந்த விமானம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு ஊர். அதன் ஓரத்தில் டேவிஸ்-மோந்தன் விமானப்படைத் தளம். அதை ஒட்டி 2,600 ஏக்கர் பொட்டல் காடு. அந்தப் பொட்டலில் ஆயிரக்கணக்கான ராணுவ விமானங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. யூடியூப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழில் வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே தலைப்புதான் வைப்பார்கள்: "விமானங்களின் சுடுகாடு!"

அந்தப் பெயர் பாதிதான் சரி. சுடுகாட்டுக்குப் போனவர் திரும்பி வர மாட்டார். இங்கிருந்து திரும்பிப் போன விமானங்கள் நிறைய உண்டு. 2008-ல் இங்கே கொண்டுவந்து நிறுத்திய ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தை 2015-ல் மறுபடி தட்டி எழுப்பி, பறக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் "கோஸ்ட் ரைடர்". ஏழு வருஷம் வெயிலில் நின்ற வண்டி! நம்ம ஹாஸ்டல் ஸ்டாண்டில் செமஸ்டர் லீவு முழுக்க நின்ற பைக், திரும்பி வந்து உதைத்தால் ஸ்டார்ட் ஆகாது.

நான் நம்ம காலேஜில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இப்போது டெம்பியில் எம்.எஸ். படிக்கிறேன். அங்கிருந்து டூசான் காரில் ரெண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சனிக்கிழமை ரூம்மேட் கார் எடுத்தான், போனோம். அந்தப் பொட்டலுக்கு உள்ளே இப்போது பொதுமக்களை விடுவதில்லை. முன்பு பக்கத்து மியூசியத்திலிருந்து பஸ்ஸில் சுற்றிக் காட்டுவார்களாம், கொரோனாவோடு அது நின்றுவிட்டது. ஆனால் கோல்ப் ரோடு அந்தப் பொட்டலை ஊடறுத்துக்கொண்டு போகிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் விமானம், இந்தப் பக்கம் நாம். வாலும் றெக்கையுமாக, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும்.

ஏன் இந்த இடம்? ரெண்டு காரணம். ஒன்று, ஈரமே இல்லாத காற்று. டூசானில் வருஷத்துக்கு 30 சென்டிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். கோவையே மழை குறைவான ஊர் என்போம், நமக்கு அதைப்போல இரண்டு மடங்கு பெய்யும். இன்னொன்று, தரை. அந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்து கலந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருக்கிறது. கான்கிரீட் போடாமலே கனமான விமானத்தை இழுத்து வந்து நிறுத்தலாம், சக்கரம் புதையாது. ரெண்டாம் உலகப் போர் முடிந்து, 1946-ல் தேவைக்கு மேல் மிஞ்சிய விமானங்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். இன்று வரைக்கும் அதே இடம்தான்.

ஆனால் காய்ந்த காற்று மட்டும் விமானத்தைக் காப்பாற்றாது. வந்து இறங்கியதும் வேலை ஆரம்பம். துப்பாக்கி, வெடிக்கும் சார்ஜ் உள்ள எஜெக்ஷன் சீட் பாகங்கள் எல்லாம் கழற்றப்படும். உப்பும் அழுக்கும் போகக் கழுவுவார்கள். எரிபொருளை வடித்துவிட்டு, அந்த இடத்தில் லேசான எண்ணெயை ஏற்றி, ஓட விட்டு, மறுபடி வடிப்பார்கள். டேங்கிலும் குழாயிலும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் தங்கும். துரு பிடிக்காது, சீல் காய்ந்து வெடிக்காது. பிறகு கண்ணாடி, இடுக்கு, துவாரம் எல்லாவற்றையும் மூடி மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். தூசியும் பூச்சியும் உள்ளே போகாது, வெயில் சூடும் உள்ளே ஏறாது. நம்மூர் மொட்டைமாடியில் கூல் பெயிண்ட் அடிக்கிற அதே கணக்குதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது, அவர்கள் விமானங்களைப் பிரித்து வைக்கிற முறை. மொத்தம் நாலு வகை. திரும்பப் பறக்க வேண்டியது, அதனால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாது என்பது முதல் வகை. பாகம் பாகமாகக் கழற்றி, இப்போது பறந்துகொண்டிருக்கிற விமானங்களுக்குக் கொடுக்க வேண்டியது ரெண்டாவது. சீக்கிரமே பறக்கப் போவது மூன்றாவது. இனி வேண்டாம், விற்றுவிடலாம் என்பது நாலாவது. ஒவ்வொரு விமானத்துக்கும் கணக்கு உண்டு. எது இருக்கிறது, எதை எடுத்தோம், கடைசியாக எப்போது பார்த்தோம். இந்தக் கணக்கு இருக்கிற வரைக்கும் அது ஸ்டோர். கணக்கு போய்விட்டால் அதே பொட்டல், அதே விமானம், வெறும் காயலான் கடை.

வேண்டுமென்றே கொன்ற கதையும் இங்கே உண்டு. அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்காக 365 பி-52 விமானங்களை வெட்டிப் போட்டார்கள். ஆறு டன் எடையுள்ள கத்தியை கிரேனில் தூக்கி மேலே போட்டு வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளை அப்படியே வெளியில் போட்டு வைத்தார்கள், ரஷ்ய சாட்டிலைட் மேலிருந்து பார்த்து எண்ணிக்கொள்ளட்டும் என்று.

பொட்டலுக்குத் தெற்கே பீமா ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம் இருக்கிறது. பீமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த மாவட்டத்தின் பெயர் பீமா. 1976 மே மாதம் திறந்தார்கள். சுமார் 400 விமானங்கள். ஹேங்கர்களுக்குள் கொஞ்சம், வெட்டவெளியில் மீதி. நடந்தே பார்த்தால் கால் கழன்றுவிடும். எல்லாரும் முதலில் ஓடுவது எஸ்.ஆர்.-71 பிளாக்பேர்டு பக்கம். நாங்களும் ஓடினோம், செல்ஃபி எடுத்தோம். ரகசியம் என்ன, அழகாகத்தான் இருக்கிறது.

நான் நின்றது வேறு இடத்தில். ஒரு ஹேங்கருக்குள் பி-24 லிபரேட்டர். நாலு எஞ்சின், 110 அடி றெக்கை, தொந்தி பெருத்த உடம்பு. குண்டு போடும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்காமல், நம்ம கடைவீதி ஷட்டர் மாதிரி உடம்பை ஒட்டி மேலே சுருண்டு ஏறும். போர்க் காலத்தில் இந்த மாடலில் 18,000-க்கும் மேல் செய்தார்கள். அமெரிக்க ராணுவ விமானம் வேறு எதுவும் இவ்வளவு எண்ணிக்கையை எட்டியதில்லை என்பார்கள். மூக்கில் "பங்கே பக்கரூ" என்று பெயர் எழுதி, அமெரிக்க பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பெயிண்ட் தான் அமெரிக்கா. இந்த விமானம் இங்கே வந்து சேர்ந்தது இந்தியாவிலிருந்து. 1969-ல், லாரியிலோ கப்பலிலோ இல்லை, தானே பறந்து வந்தது. அதுவரை நம்ம இந்திய விமானப்படையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படி என்று தேடிப் படித்தேன். ஒரு மணி நேரம் ஹேங்கர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரூம்மேட் தனியாகப் போய் வெளியில் இருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு வந்தான்.

ரெண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் விமானங்களை "லெண்ட்-லீஸ்" என்ற ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்குக் கொடுத்தது. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் யாரும் பயன்படுத்த முடியாதபடி அழிக்க வேண்டும். இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களை பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் கொண்டுபோய் நிறுத்தியது. போகும்போது சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. சிலவற்றை இடித்து நொறுக்கினார்கள், சிலவற்றின் எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள் என்று விமானப்படை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் அவை அப்படியே கிடந்தன. வெள்ளைப் பூச்சும் இல்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை.

1947-48. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு, காஷ்மீரில் சண்டை, கையில் கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளியில் வாங்கப் பணமும் இல்லை. பெங்களூரு எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். உருப்படியாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் கிடந்ததிலிருந்து பாகம் எடுத்து மாட்டி, ஒரே ஒரு தடவை பறக்கிற அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். எச்.ஏ.எல். டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி அதை கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். சுமார் 1,500 கிலோமீட்டர். பெங்களூரில் முழுசாகப் பிரித்து, ஓவர்ஹால் செய்து, படையிடம் ஒப்படைத்தார்கள். இப்படி ஒன்றில்லை, ரெண்டில்லை, 42 விமானங்கள்.

1948 நவம்பரில் அவற்றை வைத்து 5-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது. பிறகு பூனாவில் 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் ரோந்துக்குப் பயன்படுத்தியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 டிசம்பரில். செய்தவன், வாங்கியவன் எல்லாரும் எப்போதோ உருக்கிப் பாத்திரம் ஆக்கிவிட்டார்கள். குப்பை என்று விட்டுப் போன இடத்தில் மட்டும் இருபது வருஷம் பறந்தது. அதனால்தான், எல்லா நாடும் "எங்கள் மியூசியத்துக்கு ஒரு லிபரேட்டர் வேண்டும்" என்று தேடும்போது இந்தியாவிடம் வந்து நின்றார்கள். டூசானில் இருப்பது, கனடாவில் ஒட்டாவா மியூசியத்தில் இருப்பது, பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்தில் இருப்பது எல்லாம் இந்தியா கொடுத்தவை. ஒன்று டில்லி பாலம் மியூசியத்தில் நம்மிடமே இருக்கிறது. உடைத்துப் போட்டவர்களே பிறகு வந்து கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்!

அந்தப் பெஞ்சிலிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி பதினொன்றரை. அப்பா போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தண்டவாளத்தைத் தடம் மாற்றுகிற பாயிண்ட் மெஷினைப் பிரித்து, கழுவி, தேய்மானம் அளந்து, மாற்ற வேண்டியதை மாற்றி, டெஸ்ட் செய்து, சீட்டுக் கட்டி அனுப்புவது அவர் வேலை. முப்பது வருஷத்துக்கும் மேல். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் பிளேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, போனைக் கொஞ்சம் கிட்டத்துல கொண்டு போ. அந்த எஞ்சினைக் காட்டு."

காட்டினேன்.

"எத்தனை சிலிண்டரு?"

"பதினாலுங்கப்பா. ரெண்டு வரிசையா, வட்டமா இருக்கும்."

"மண்ணு போட்டுட்டானுங்கன்னா சும்மா தண்ணி அடிச்சுக் கழுவ முடியாது சாமி. ஒவ்வொரு சிலிண்டரா கழட்டிப் பார்க்கோணும். இல்லாட்டி எஞ்சினையே மாத்தோணும். ஒரு பிளேனுக்கு நாலு எஞ்சினு, அம்பத்தாறு சிலிண்டரு. எத்தனை பிளேனுன்ன?"

"நாப்பத்திரெண்டுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். 2,352. அப்புறம், "அதைச் செஞ்சவங்க பேரு எங்காச்சும் எழுதி வெச்சிருக்கானுங்களா?" என்று கேட்டார்.

ஓட்டி வந்த முன்ஷி பெயர் புத்தகங்களில் இருக்கிறது. சிலிண்டர் கழற்றியவர்கள் பெயர் எதிலும் என் கண்ணில் படவில்லை. சொன்னேன். "அது எப்பவும் அப்படித்தான், போ. நீ சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். எச்.ஏ.எல். ஆட்களுக்கு அந்தக் குவியலைப் பார்த்ததும் "முடியும்" என்று எப்படித் தோன்றியது? 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. விமானம் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். போர் தீவிரமானதும் அந்த இடம் முழுக்க அமெரிக்கப் படையின் ஓவர்ஹால் டிப்போ ஆகிவிட்டது. புது விமானம் செய்வது நின்றது, பழுது பார்ப்பது மட்டும்தான் வேலை. அந்த வருஷங்களில் எத்தனையோ அமெரிக்க விமானங்களைப் பிரித்துப் பூட்டிய கை அது. அதே எச்.ஏ.எல்., டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் சொந்தமாக டிசைன் செய்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்தது 1951-ல். மாருத் போர் விமானம் 1961-ல். வரிசையைப் பாருங்கள்: முதலில் ரிப்பேர், அப்புறம் டிசைன். நம்ம சிலபஸில் இது தலைகீழ். எட்டு செமஸ்டரும் டிசைன், மெயின்டனன்ஸ் இன்ஜினியரிங் மட்டும் ஒரே ஒரு எலெக்டிவ். அதையும் "ஈஸியா கிரேடு வரும்" என்றுதான் எடுப்போம்.

நம்மூருக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. 1942-லிருந்து 1946 வரை கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு விமானப் பழுதுபார்க்கும் யார்டு இருந்தது. எச்.எம்.எஸ். கருடா என்று பெயர். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் பெயர், அது அவர்கள் வழக்கம். சூலூரிலும் அப்போதே கடற்படை விமானத்தளம் இருந்தது. பின்னால் 1953-ல் கொச்சியில் இந்தியக் கடற்படை தன் முதல் விமானத்தளத்தைத் தொடங்கியபோது அதற்கும் கருடா என்றே பெயர் வைத்தது. சூலூரில் இன்றும் விமானப்படையின் பேஸ் ரிப்பேர் டிப்போ இருக்கிறது. தேஜஸ் பறக்கும்போது கிளாஸை விட்டு வெளியே ஓடி வந்து பார்ப்போமே, அதே சூலூர்தான். சத்தம் போட்டுப் பறப்பதை எல்லாரும் பார்க்கிறோம். அது நாளைக்கும் பறப்பதற்காக ஷெட்டுக்குள் நடக்கிற வேலை நம் கண்ணில் படுவதில்லை.

இதையெல்லாம் ஏன் இந்த இதழுக்கு எழுதுகிறேன் என்றால், போன மாசம் நம்ம டிபார்ட்மெண்ட் தம்பி ஒருவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். அவனுக்கு ரெண்டு ஆஃபர். ஒன்று ஐ.டி. இன்னொன்று ஒரு எம்.ஆர்.ஓ. கம்பெனி, அதாவது விமானங்களைப் பராமரித்து, பழுது பார்த்து, ஓவர்ஹால் செய்து கொடுக்கிற இடம். அவனுக்கு ரெண்டாவது மேல்தான் ஆசை. வீட்டில் விடவில்லை. "நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சுட்டு ஸ்பேனர் புடிக்கப் போறானாமா? அதுக்கு ஐ.டி.ஐ. பத்தாதா?" என்று அவன் பெரியப்பா கேட்டாராம். "நீங்க என்னண்ணா சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான்.

போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன் அவன் தலையில், என் தலையில் இல்லை. எம்.ஆர்.ஓ.வில் ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவு என்று அவனே சொன்னான். பி.இ. முடித்தால் மட்டும் ஒரு விமானத்தை "பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட முடியாது. அதற்கு டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் தனி, பரீட்சையும் அனுபவக் கணக்கும் தனி. இதெல்லாம் தெரிந்துகொண்டு போகணும். ஆசையை மட்டும் நம்பிப் போனால் ரெண்டாவது வருஷமே சலித்துவிடும்.

ஆனால் பெரியப்பாவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு. ஐ.டி.ஐ. படித்தவரும் பி.இ. படித்தவரும் சேர்ந்துதான் அந்த 42 விமானங்களை எழுப்பியிருக்க முடியும். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஆகாது. புதிதாக டிசைன் செய்கிறவனுக்கு வெள்ளைத் தாள் கிடைக்கும். ரிப்பேர் செய்கிறவனுக்குக் கிடைப்பது யாரோ செய்து, யாரோ ஓட்டி, யாரோ உடைத்த ஒரு பொருள். மேனுவல் பாதி இருக்கும், பாகம் பாதி இருக்கும். அதைப் பார்த்து, எங்கே போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது, எதை வைத்துச் சரி செய்யலாம், சரி செய்தால் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லணும். நாம் படித்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃபெடிக், கரோஷன் எல்லாம் அந்த இடத்தில்தான் பேச்சுக்கு வரும். அதற்குப் பெயர் ஸ்பேனர் பிடிப்பது என்றால், பிடித்துவிட்டுப் போகட்டும்.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அங்கே பாடம் நடத்துவதற்காக நிறுத்தி வைத்திருந்த ரெண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்று "அக்னிச் சிறகுகள்" புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவை பறந்து முடித்த விமானங்கள். அவற்றின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாராம். ஓய்வு பெற்ற ஒரு மெஷினுக்கு இன்னும் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது பாருங்கள்.

தம்பி இன்னும் முடிவு எடுக்கவில்லை. அவன் வீட்டில் காட்டுவதற்காகவே அந்த லிபரேட்டர் போட்டோ நாலைந்து அனுப்பியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த ஐ.வி.க்கு வழக்கம்போல கொடைக்கானல் பக்கத்தில் எதாவது ஒரு ஃபேக்டரியைக் கண்டுபிடிக்காமல், பெங்களூருக்குக் கேளுங்கள். எச்.ஏ.எல். மியூசியம் 2001-லிருந்து திறந்திருக்கிறது. மாருத், கிரண், எச்.டி.-2 எல்லாம் தொடுகிற தூரத்தில் நிற்கும். மூக்குப் பக்கம் நின்று போட்டோ எடுத்து முடித்ததும், சக்கரம் உள்ளே மடங்குகிற குழிக்குக் கீழே குனிந்து கொஞ்ச நேரம் பாருங்கள். குழாய், கேபிள், ரிவெட் எல்லாம் அங்கேதான் தெரியும். யாரோ ஒருவர் கை விட்டு வேலை பார்த்த இடம் அதுதான்.